நம்பர் சிம்மிலா, போனிலா, கணக்கிலா?

புதுப் போனில் பழைய சிம்மைப் போட்டதும் கிளம்பும் முதல் புலம்பல், "நம்பர் ஒண்ணையும் காணோம்." சிம்மை மாற்றினால் எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்ற நம்பிக்கை பட்டன் போன் காலத்தின் மிச்சம். அப்போது பெயர்களைச் சிம்மிலேயே சேமிப்பது வழக்கம். வழக்கமான ஒரு சிம்மில் 250 பெயர்கள் அளவுக்குத்தான் பிடிக்கும். பெயரும் எண்ணும் வைக்கலாம், படம், முகவரி எதையும் வைக்க முடியாது. இன்றைய போன்கள் பெரும்பாலும் பெயர்களைச் சிம்மில் சேமிப்பதே இல்லை. ஐபோனில் அதற்கு வழியே கிடையாது.

போன் சம்பந்தமான சொற்களைக் கேட்டு மிரள்பவர்களுக்கு அகராதி தேவையில்லை. ஒரே கேள்வியைக் கேட்டுப் பழகினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்: இது எங்கே இருக்கிறது? சிம்மில் இருக்கிறதா, கருவிக்குள் இருக்கிறதா, கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் இருக்கிறதா, ஏதோ ஒரு ஆப்புக்குள் இருக்கிறதா? நான்கும் நான்கு வீடுகள். "போன் போச்சு" என்று சொல்பவரிடம், எந்த வீடு போனது என்று முதலில் கேட்க வேண்டும். எதை மீட்கலாம், எதை மறந்துவிடலாம் என்பது அதில்தான் இருக்கிறது.

(மெனுப் பெயர்கள் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும். கீழே சொல்லும் பெயர் கண்ணில் படாவிட்டால், செட்டிங்ஸின் மேலே உள்ள பூதக்கண்ணாடியைத் தொட்டு அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்து தேடுங்கள். மெனு மெனுவாக இறங்குவதைவிட இது வேகம்.)

சிம்முக்குள் என்னதான் இருக்கிறது

உங்கள் தொலைபேசி எண்கூட சிம்மில் கட்டாயம் இருக்க வேண்டியதில்லை. சிம்மில் இருப்பவை ஓர் அடையாள எண்ணும் ஒரு ரகசியச் சாவியும். அந்த அடையாளம் இன்ன தொலைபேசி எண்ணுக்குரியது என்று முடிச்சுப் போட்டு வைத்திருப்பது சேவை நிறுவனத்தின் கணினி. சிம் தொலைந்தால் அதே எண்ணுக்குப் புது சிம் கிடைப்பதும், புதியது உயிர் பெற்றதும் பழையது செத்துப்போவதும் இதனால்தான். இ-சிம் என்பதும் இதே சிம்தான். கழற்றும் அட்டைக்குப் பதிலாகப் போனுக்குள்ளேயே பதித்த சில்லு. அதை மெனுவில் அழித்துவிட்டால் மறுபடி நிறுவனத்திடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆகவே போனை முழுவதும் அழிக்கும்போது "இ-சிம்மையும் அழிக்கவா" என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

பலர் கண்டுகொள்ளாத ஒன்று சிம் பின். போனைத் திறக்கும் பின் வேறு, சிம்மைத் திறக்கும் பின் வேறு. போன் திருடுபோனால், திரைப் பூட்டு எவ்வளவு வலுவாக இருந்தாலும் திருடியவர் சிம்மை உருவி வேறு போனில் போட்டால் போதும், ஓடிபி எல்லாம் அவருக்கு வரும். சிம் பின் வைத்திருந்தால் அடுத்த போனில் போட்டவுடன் அது பின்னைக் கேட்கும். மூன்று முறை தவறினால் பூட்டிக்கொண்டு பியூகே என்ற 8 இலக்க எண்ணைக் கேட்கும். அதையும் 10 முறை தவறாகப் போட்டால் அந்தச் சிம் நிரந்தரமாகப் போய்விடும். பியூகே எண் சிம்மோடு வந்த அட்டையில் அச்சாகியிருக்கும், அல்லது நிறுவனத்திடம் கேட்டு வாங்கலாம். சிம் பின் வைப்பதற்கு முன், ஏற்கெனவே அதில் இருக்கும் பின் எது என்று அந்த அட்டையில் பாருங்கள். ஊகித்துப் போட்டுப் பார்ப்பதுதான் பலருக்கும் வினையாக முடிகிறது. இதோடு சேர்த்து, பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி நோட்டிஃபிகேஷன் அமைப்பையும் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் பூட்டைத் திறக்காமலே ஓடிபியைப் படித்துவிடலாம்.

பெயர்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்று பார்க்க, கான்டாக்ட்ஸ் ஆப்பில் புதுப் பெயர் சேர்க்கும் பக்கத்தைத் திறந்தால் மேலேயே சிம், டிவைஸ், கூகுள் கணக்கு என்று ஒன்று எழுதியிருக்கும். அது கூகுள் கணக்காக இருக்கட்டும். ஏற்கெனவே சிம்மில் கிடப்பவற்றை அதே ஆப்பின் அமைப்புகளில் இம்போர்ட் என்பதைத் தொட்டு இழுத்துவிடலாம். டிவைஸ் என்று இருந்தால் அதுதான் மோசம். போன் உடைந்தால் அந்தப் பெயர்கள் சிம்மிலும் இல்லை, கணக்கிலும் இல்லை.

வாட்ஸ்அப் தனி வீடு. நீங்கள் பதிந்த எண்ணோடுதான் அதன் கணக்கு பிணைந்திருக்கிறது; போனில் வேறு சிம்மைப் போட்டால் வாட்ஸ்அப் எண் தானாக மாறிவிடாது. பழைய எண்ணைக் கைவிடப்போகிறீர்கள் என்றால், கைவிடுவதற்கு முன்பே வாட்ஸ்அப்பின் அக்கவுண்ட் பகுதியில் "சேஞ்ச் நம்பர்" செய்துவிடுங்கள். உரையாடல்கள் போனில் இருக்கின்றன. அவற்றின் பேக்கப் ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கிலும், ஐபோனில் ஐகிளவுடிலும் ஏறும். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுபவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். கூகுளில் இருக்கும் பேக்கப்பை ஐபோன் படிக்காது. "மூவ் டு ஐஓஎஸ்" என்ற ஆப் வழியாக, புது ஐபோனை முதன்முதலாக அமைக்கும் கட்டத்திலேயே மாற்றியாக வேண்டும்.

எஸ்எம்எஸ்ஸில் தமிழுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழ் போன்ற எழுத்து ஒன்று நுழைந்தாலே 70 ஆகச் சுருங்கிவிடும். அந்த 70-உம் நாம் எண்ணும் எழுத்துகள் அல்ல. "வணக்கம்" நமக்கு ஐந்து எழுத்து. புள்ளிகளைத் தனியாக எண்ணுவதால் போனுக்கு அது ஏழு. சிறிய தமிழ்ச் செய்தி இரண்டு மூன்று செய்திகளாகக் கணக்கில் ஏறுவதன் ரகசியம் இதுதான்.

படங்கள்: அழிப்பதற்கு முன் ஒரு நிமிடம்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்ட வேண்டாம். ஈடுகட்டவே முடியாத இழப்புகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன.

"படமெல்லாம் கூகுள்ல ஏறிடுச்சு, அதனால போன்ல இருக்கிறதை அழிச்சிட்டேன்" என்று ஒருவர் சொன்னால் அடுத்த கேள்வி: எந்த ஆப்பில் இருந்து அழித்தீர்கள்? கூகுள் போட்டோஸ் ஆப்புக்குள் நின்று ஒரு படத்தை டிலீட் செய்தால் அது போனிலிருந்தும் கணக்கிலிருந்தும் சேர்ந்தே போகும். அங்கே இருப்பது ஒரு படத்தின் இரு பிரதிகள் என்று நாம் நினைக்கிறோம். அந்த ஆப் அதை ஒரே படமாகத்தான் பார்க்கிறது. போனில் மட்டும் இடம் காலியாக வேண்டுமென்றால் அதே ஆப்பில் "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" என்ற தனி வசதி உண்டு. பேக்கப் முடிந்த படங்களின் போன் பிரதியை மட்டும் அது நீக்கும், கணக்கில் இருப்பதைத் தொடாது.

தவறி அழித்துவிட்டால் பதற வேண்டாம். குப்பைத்தொட்டி என்று ஒன்று இருக்கிறது. கூகுள் போட்டோஸில், பேக்கப் ஆன படம் அதில் 60 நாள் கிடக்கும். ஐபோனில் "ரீசன்ட்லி டிலீட்டட்" என்ற ஆல்பத்தில் 30 நாள். இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆயிரம் படங்களை அழித்தும் இடம் கூடவில்லை என்று குழம்புவார்கள். தொட்டியைக் காலி செய்யாதவரை அவை போனிலேயேதான் உட்கார்ந்திருக்கும்.

கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபி என்பது படங்களுக்கு மட்டுமானது அல்ல. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொது. 2021 ஜூன் 1-க்குப் பிறகு ஏற்றிய படங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். அது நிரம்பினால் பேக்கப் நின்றுவிடும். நின்றதைப் பல மாதம் யாரும் கவனிப்பதில்லை. இன்னொரு விளைவு, மின்னஞ்சல் வருவதும் நின்றுபோகும். மாதம் ஒரு தடவையாவது போட்டோஸ் ஆப்பில் மேலே வலது மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, பேக்கப் முடிந்தது என்று காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மெமரி என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள்

"மெமரி ஃபுல்" என்று சொல்லும்போது ஸ்டோரேஜைச் சொல்கிறார்களா, ரேமைச் சொல்கிறார்களா என்பது பெரும்பாலும் அவர்களுக்கே தெரியாது. ஸ்டோரேஜ் நோட்டுப்புத்தகம் போல. எழுதியது அழிக்கும்வரை இருக்கும். ரேம் கரும்பலகை, இப்போது நடக்கும் பாடத்துக்கு மட்டும். பலகை நிறைந்தால் பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும், போனை அணைத்தால் முழுவதும் துடைபடும். படங்களை அழிப்பதால் ரேம் கூடாது. பின்னணி ஆப்களை மூடுவதால் ஸ்டோரேஜ் கூடாது. ரேமை நீட்டித்துத் தருகிறோம் என்று சில போன்களில் ஒரு வசதி வரும். ஸ்டோரேஜிலிருந்து ஒரு துண்டைக் கடன் வாங்குகிற வேலை அது. ஸ்டோரேஜ் ரேமைவிட மிகவும் மெதுவானது என்பதால் அதை நம்பிப் போனைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

சமீபத்தில் திறந்த ஆப்களின் வரிசையை வரவழைத்து ஒவ்வொன்றாக மேலே தள்ளி மூடுவது பலருக்கு நித்திய கடமையாகிவிட்டது. பயனில்லை. ரேமை எப்போது துடைப்பது என்று போனுக்கே தெரியும். மூடிய ஆப்பை மறுபடி முதலிலிருந்து திறப்பதற்குத்தான் கூடுதல் பேட்டரி செலவாகும். சிக்கிக்கொண்டு நிற்கும் ஆப்பை மட்டும் அப்படித் தள்ளினால் போதும்.

ஸ்டோரேஜ் பற்றி: 128 ஜிபி என்று அச்சிட்ட போனில் 128-உம் உங்களுக்குக் கிடைக்காது, போனை இயக்கும் மென்பொருள் தன் பங்கை முதலிலேயே எடுத்துக்கொள்ளும். மிச்சத்திலும் பத்தில் ஒரு பங்கைக் காலியாக விடுவது நல்லது. முழுவதும் நிரம்பினால் போன் மந்தமாகும், கேமரா படத்தைச் சேமிக்க மறுக்கும், அப்டேட் பாதியில் தோற்கும். இடத்தைத் தின்பவற்றில் முதலிடம் பெரும்பாலும் வாட்ஸ்அப்புக்குத்தான். அதன் செட்டிங்ஸில் "ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா" என்பதற்குள் "மேனேஜ் ஸ்டோரேஜ்" போனால், பெரிய கோப்புகளையும் பல முறை ஃபார்வர்டு ஆனவற்றையும் அதுவே பிரித்துக் காட்டும். அங்கிருந்தே வெட்டலாம். அதே இடத்தில் தானாக டவுன்லோடு ஆவதையும் நிறுத்திவிட்டால் நோய் மறுபடி வராது.

ஆப் ஒன்றின் ஸ்டோரேஜ் பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு பொத்தான்கள் இருக்கும்: "கிளியர் கேஷ்", "கிளியர் டேட்டா" (சில போன்களில் "கிளியர் ஸ்டோரேஜ்"). முதலாவது, வேகத்துக்காகத் தற்காலிகமாக எடுத்து வைத்த சரக்கை மட்டும் அகற்றும், தாராளமாகத் தொடலாம். இரண்டாவது அந்த ஆப்பைப் புதிதாக நிறுவியது போல ஆக்கிவிடும். லாக்இன் போகும், அதற்குள் மட்டுமே இருந்தவை எல்லாம் போகும். "ஏதோ கிளியர் பண்ணச் சொன்னாங்க" என்று இரண்டாவதைத் தொட்டவர்கள் நிறைய.

மணி அடிக்கவில்லை

வீட்டுப் பெரியவர்களின் போனில் அடிக்கடி வரும் புகார் இது. போனில் ஒலி என்பது ஒரே குழாய் அல்ல. வீடியோ, பாட்டுக்கு ஒன்று, அழைப்பு மணிக்கு ஒன்று, அலாரத்துக்கு ஒன்று, பேசும்போது காதில் விழும் குரலுக்கு ஒன்று. இன்றைய ஆண்ட்ராய்டில் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் கூடுவதும் குறைவதும் பொதுவாக வீடியோ ஒலிதான். அதை உச்சத்தில் வைத்துவிட்டு "சத்தம் ஃபுல்லாதான் இருக்கு" என்பார்கள்; அழைப்பு மணி பூஜ்யத்தில் கிடக்கும். பொத்தானை ஒருமுறை அழுத்தி, திரையில் வரும் கோட்டின் அடியில் உள்ள மூன்று புள்ளியையோ சிறு குறியையோ தொட்டால் எல்லாக் கோடுகளும் தனித்தனியாக விரியும்.

மணியின் கோடு சரியாக இருந்தும் அடிக்கவில்லை என்றால் மேலிருந்து திரையை இழுத்து, சைலன்ட், வைப்ரேட், டிஎன்டி மூன்றையும் பாருங்கள். டிஎன்டி என்பது தொந்தரவு செய்யாதே. அது இரவில் தானாக விழும்படி நேரம் குறித்திருக்கலாம். காலையில் ஒழுங்காக அடிக்கும் போன் இரவில் ஊமையானால் சந்தேகமே வேண்டாம். அவசரத்துக்கு அதில் ஒரு சந்து உண்டு. ஒரே எண்ணிலிருந்து திரும்ப அழைத்தால் விடலாம் என்ற அமைப்பு இயங்கினால், ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் வரும் இரண்டாவது அழைப்பு ஒலிக்கும். முக்கியமானவர்களை விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுவது இன்னும் உறுதி.

பேசுபவர் குரல் சன்னமாகக் கேட்டால், அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பக்கவாட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். அழைப்புக்கு வெளியே அழுத்துவது வேறு கோட்டை நகர்த்தும். அப்படியும் கேட்காவிட்டால் திரையின் மேல்விளிம்பில் உள்ள மெல்லிய பிளவைப் பாருங்கள். அங்கே தூசி அடைத்திருக்கும், அல்லது ஒட்டிய ஸ்கிரீன் கார்டு அதை மூடியிருக்கும். காய்ந்த மென்மையான பிரஷ் போதும். அதே ஸ்கிரீன் கார்டு அருகிலுள்ள சென்சாரையும் மறைத்தால், அழைப்பு முடிந்தும் திரை கறுப்பாகவே நிற்கும். போன் இன்னும் காதோரம் இருப்பதாக அது நினைத்துக்கொள்கிறது. சத்தம் அடியோடு இல்லையா? அடுத்த அறையில் கிடக்கும் புளூடூத் ஹெட்செட்டுக்குள் போய்க்கொண்டிருக்கலாம்.

விரல்

தொடுதல், இருமுறை தட்டுதல், அழுத்திப் பிடித்தல், தள்ளுதல் என்று வகைகள் இருப்பதை இளையவர்கள் யாரும் கற்றுக்கொள்வதில்லை, தானாக வந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு அப்படியல்ல. விரலை அரை விநாடிக்கு மேல் வைத்திருந்தாலே போன் அதை "அழுத்திப் பிடித்தல்" என்று எடுத்துக்கொண்டு, திறக்க வேண்டிய ஆப்பை நகர்த்தத் தயாராகிவிடும். ஆப்களின் படங்கள் காணாமல் போவதும் இடம் மாறுவதும் இப்படித்தான். "மெதுவா தொடுங்க" என்று கற்றுக்கொடுப்பதைவிட, அக்சசிபிலிட்டியில் "டச் அண்ட் ஹோல்ட் டிலே" என்பதை "லாங்" ஆக்கிவிடுவது நடக்கிற காரியம். திரையில் விரலைத் தள்ளி இயக்கும் முறை பிடிபடாவிட்டால், நேவிகேஷன் என்று தேடி, பின்செல்ல, முகப்புக்கு, சமீப ஆப்களுக்கு என மூன்று பொத்தான் முறைக்கு மாற்றிக் கொடுங்கள்.

திடீரென்று போன் தொட்டதையெல்லாம் வாய்விட்டுப் படித்து, எதையும் திறக்க மறுத்தால் அது பழுதும் அல்ல, வைரஸும் அல்ல. பார்வையற்றோருக்கான டாக்பேக் தவறுதலாக இயங்கிவிட்டது. ஒருமுறை தொட்டால் படிக்கும், பிறகு இருமுறை தட்டினால் திறக்கும், உருட்ட இரண்டு விரல் வேண்டும். இரண்டு ஒலிப் பொத்தான்களையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் பெரும்பாலும் அடங்கும். இல்லாவிட்டால் இப்போது சொன்ன விரல் முறையிலேயே செட்டிங்ஸுக்குள் போய் நிறுத்த வேண்டும். ஐபோனில் இதற்கு வாய்ஸ்ஓவர் என்று பெயர். ஐபோன் திரை பெருத்து மூலையோடு நின்றுவிட்டால், மூன்று விரலால் இருமுறை தட்டுங்கள்.

டேட்டா, வைஃபை, ஹாட்ஸ்பாட்

வைஃபை என்பது இணையம் அல்ல. போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவே கம்பியில்லாத கம்பி, அவ்வளவே. ரவுட்டருக்கு வெளியிலிருந்து இணையம் வராவிட்டால், வைஃபை முழுக் கோடும் காட்டிக்கொண்டு ஒன்றும் திறக்காமல் நிற்கும். குறியின் ஓரத்தில் சின்ன ஆச்சரியக்குறி இருந்தால் கோளாறு ரவுட்டர் பக்கம். போனை நோண்ட வேண்டாம். ரவுட்டர் இரண்டு பெயர்களில் வைஃபை காட்டினால், 5 என்று முடிவது பெரும்பாலும் வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும். மற்றது மெதுவானது, தூரம் போகும்.

ஹாட்ஸ்பாட் போடுவது உங்கள் போனையே ரவுட்டராக்குவது. செலவாவது உங்கள் மொபைல் டேட்டா. அதில் இணையும் கணினி, கிடைத்தது வைஃபை என்று எண்ணி அப்டேட்டுகளை இறக்க ஆரம்பித்தால் ஒரு நாள் டேட்டா அரை மணியில் காலியாகும். கணினியின் வைஃபை அமைப்பில் அந்த இணைப்பை "மீட்டர்டு" (அளவு பார்த்துச் செலவிட வேண்டியது) என்று குறித்துவிடுங்கள். புளூடூத் டேட்டாவைத் தொடுவதே இல்லை. ஜிபிஎஸ்ஸும் அப்படியே, செயற்கைக்கோள் சிக்னலை வாங்க மட்டும் செய்கிறது. டேட்டா கேட்பது வரைபடம்தான். அதை முன்கூட்டியே இறக்கி வைத்தால் சிக்னலே இல்லாத இடத்திலும் வழி காட்டும்.

வேகத்தில் ஒரு சொல் ஏமாற்றும். 100 எம்பிபிஎஸ் என்பதில் இருப்பது மெகாபிட். கோப்பின் அளவு மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே உச்சகட்டமாக விநாடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும்.

பேசும்போது இணையம் அறுந்துபோகிறதா? வோல்டே, அதாவது 4ஜி வழியிலேயே பேசும் வசதி, அணைந்திருக்கலாம். அது இல்லாத 4ஜி போன், அழைப்பு வந்ததும் பழைய 3ஜி, 2ஜி வழிக்கு இறங்கிப் பேசும். நெட் நிற்கும் அல்லது நத்தையாகும். சிம் அமைப்புகளில் வோல்டேயை இயக்குங்கள். பழைய வலையமைப்புகள் மூடப்பட்ட இடங்களில் வோல்டே இல்லாமல் அழைப்பே போகாது. இரண்டு சிம் போனில் டேட்டா வரவில்லை என்றால், டேட்டாவுக்கு எந்த சிம் தேர்வாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு மற்றதைப் பாருங்கள். சிக்னல் இருந்தும் ஒன்றும் நகராதபோது ஏரோபிளேன் மோடைப் போட்டு 10 விநாடி கழித்து எடுத்தால் போன் அருகிலுள்ள கோபுரத்தோடு புதிதாகப் பதிந்துகொள்ளும்.

பேட்டரி, சார்ஜர், பவர் பேங்க்

எம்ஏஎச் என்பது தொட்டியின் கொள்ளளவு. வாட் என்பது நிரப்பும் வேகம். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று எழுதிய சார்ஜர் 10 வாட். 9 வோல்ட், 2 ஆம்பியர் 18 வாட். பெரிய வாட் சார்ஜரால் போன் வெடித்துவிடாது. எவ்வளவு எடுப்பது என்பதைப் போனே தீர்மானிக்கும். சார்ஜரும் போனும் ஒரே வேக முறையைப் பேசாவிட்டால் இரண்டும் அடிமட்ட வேகத்துக்கு இறங்கிவிடும். பெரிய சார்ஜர் போட்டும் மெதுவாகவே ஏறுவதன் காரணம் அதுவோ, மெலிந்த கேபிளோதான்.

10,000 எம்ஏஎச் பவர் பேங்க் 5,000 எம்ஏஎச் போனை இரண்டு தடவை நிரப்பும் என்று கணக்குப் போடாதவர் இல்லை. நிரப்பாது. பவர் பேங்கின் 10,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது 37 வாட்-மணி. வோல்ட்டை ஏற்றி இறக்குவதில் வெப்பமாகப் போவது போக 30 சொச்சம் வரும். போனுக்கு வேண்டியது ஏறத்தாழ 19. ஒன்றரை தடவை நிரம்பினால் பவர் பேங்க் நல்லது என்று அர்த்தம்.

80 சதவீதத்துக்கு மேல் மெதுவாவது கோளாறல்ல. லித்தியம் பேட்டரி நிரம்ப நிரம்ப, மின்னோட்டத்தைக் குறைத்துத்தான் ஏற்ற முடியும். 80-இலேயே அப்படியே நின்றுவிட்டால், பேட்டரியைக் காக்கும் அமைப்பு இயங்குகிறதா, போன் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். முழுவதும் காலியாக்கிப் பிறகுதான் ஏற்ற வேண்டும் என்பது பழைய வகை பேட்டரிகளுக்கான விதி. இதற்கு அது கெடுதல். இதைவிடக் கெடுதல் வெப்பம். தலையணைக்கடியில் சார்ஜ் போடுவதைவிடப் பேட்டரியைச் சீக்கிரம் கிழவனாக்கும் வழி அதிகமில்லை. பின்மூடி உப்பினாலோ திரை ஓரத்தில் தூக்கினாலோ சார்ஜ் போடுவதையும் அழுத்திப் பார்ப்பதையும் உடனே நிறுத்துங்கள்.

கேபிள் ஆடுகிறது, சாய்த்தால்தான் ஏறுகிறது என்றால் போர்ட் உடைந்தது என்று முடிவுகட்டாதீர்கள். பையின் நூல்துகள் உள்ளே அழுந்தி அடியில் மெத்தை போலப் படிந்திருக்கும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்லச் சுரண்டினால் வரும். ஊசி, பின் வேண்டாம். கணினியில் செருகியும் படங்கள் தெரியவில்லை என்றால், போனில் மேலிருந்து இழுத்து யுஎஸ்பி அறிவிப்பைத் தொட்டு "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" என்று மாற்ற வேண்டும். அந்த அறிவிப்பே வராவிட்டால் உங்கள் கையில் இருப்பது சார்ஜ் மட்டும் கடத்தும் கேபிள்.

ரீஸ்டார்ட்டும் ரீசெட்டும்

ஓசையில் உறவினர்கள், விளைவில் எதிரிகள். ரீஸ்டார்ட் என்பது அணைத்து ஏற்றுவது. எதுவும் போகாது, பாதி வியாதிக்கு அதுவே மருந்து. ஃபேக்டரி ரீசெட் என்பது கருவிக்குள் இருக்கும் அத்தனையையும் துடைப்பது. நடுவில் "ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்" என்று ஒன்று. படங்களைத் தொடாது, சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் போன்ற இணைப்பு அமைப்புகள் மட்டும் போகும். தொலைபேசியில் ஒருவருக்கு வழி சொல்லும்போது இந்த ஆங்கிலச் சொற்களையே தவிர்த்து, "அணைச்சுட்டு மறுபடி போடுங்க" என்று சொல்வது பாதுகாப்பு.

ரீஸ்டார்ட் ஆன போன் முதல் தடவை கைரேகையை ஏற்காது, பின்னைத்தான் கேட்கும். உள்ளே இருப்பவை பூட்டுச் சொல்லால் குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால் அந்தச் சொல் இல்லாமல் திறக்க இயலாது. மாதக்கணக்கில் விரலை மட்டுமே வைத்துப் பழகியவர் பின்னை மறந்திருப்பார். ஐந்து தடவை, பத்து தடவை முயன்று, கடைசியில் ஃபேக்டரி ரீசெட். அதோடும் முடியவில்லை: கட்டாயமாக அழித்துத் திறந்த ஆண்ட்ராய்டு போன், அதில் முன்பிருந்த கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும், ஐபோன் ஆப்பிள் கணக்கைக் கேட்கும். திருடனைத் தடுக்கச் செய்த ஏற்பாடு, கணக்கை வேறு யாரோ உருவாக்கிக் கொடுத்து மறந்துபோன வீடுகளில் சொந்தக்காரரையே வெளியே நிறுத்திவிடுகிறது. போனை விற்கும்போதும் இதே கதை. முதலில் செட்டிங்ஸில் கணக்கை நீக்கிவிட்டு, பிறகு அழித்துக் கொடுங்கள்.

ஆகவே மூன்று விஷயங்களைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்: பூட்டின் பின், கணக்கின் மின்னஞ்சல் முகவரி, அதன் கடவுச்சொல். தாளில் எழுதுவதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. வீட்டு அலமாரிக்குள் இருக்கும் தாளைத் தூர தேசத்துத் திருடன் படிக்க முடியாது.

ஸ்டாரில் தொடங்கும் எண்கள்

யாராவது அழைத்து, "இந்த எண்ணைப் போடுங்க, சரியாயிடும்" என்று ஸ்டாரில் தொடங்கி நடுவே ஒரு தொலைபேசி எண் வரும் குறியீட்டைச் சொன்னால் போடாதீர்கள். *21* என்று தொடங்குவது உங்களுக்கு வரும் அழைப்பையெல்லாம் அந்த எண்ணுக்குத் திருப்பிவிடும். குரல் அழைப்பில் வரும் ஓடிபியும் அங்கே போகும். இப்படி எல்லா அழைப்பையும் திருப்பும் அமைப்பு உள்ளதா என்று *#21# போட்டுப் பார்க்கலாம். ##002# எல்லாத் திருப்பங்களையும் ரத்து செய்யும். இந்தத் திருப்பம் போனில் இல்லை, நிறுவனத்தின் வலையமைப்பில் பதிவாகிறது. போனை மாற்றினாலும் அழித்தாலும் போகாது.

*#06# இன்னொரு நல்ல எண். அது ஐஎம்இஐயைக் காட்டும்; 15 இலக்கம், கருவிக்கே உரிய அடையாளம், சிம்மை மாற்றினாலும் மாறாது. இரண்டு சிம் போனுக்கு இரண்டு ஐஎம்இஐ இருக்கும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். தொலைந்த போனைப் பற்றிப் புகார் கொடுக்கும்போதும், அதை வலையமைப்பில் முடக்கச் சொல்லும்போதும் கேட்பது இதைத்தான். பலரும் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தப் போனிலேயே வைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன தாளில் நான்காவது வரியாக எழுதுங்கள்.